சுத்தமான ரத்தம்

மணி என்ன தாயி? பத்து அடிச்சிருச்சா? உன் செல்லுல நல்லாப் பாத்துச் சொல்லு. பத்தாக அஞ்சு நிமிசமா, சரி சரி. பதினோரு மணிக்கு வேன் கிளம்பிரும். இங்கன இருந்து பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவுல போனாலும் கால் மணி நேரம் ஆகும். இந்த லேப்புப் பொண்ணு என்னடான்னா கம்ப்யூட்டர்ல இருந்து சீட்டு வரணும், வரணும்ங்குது. ரத்தம் எடுக்கும்போது மட்டும் சுருக்குன்னு எடுத்துச்சு. காலையில ஆறரைக்கு வெறும் வயித்துல ஒரு தடவ. அப்புறம் இவங்க சொன்னபடி நாலு இட்லியத் தின்னுட்டு வந்து ஒம்பதுக்கு ஒரு தடவ. ரெண்டு கையிலயும் பஞ்ச ஒட்டி வச்சிருக்கு, பாரு.

கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் உக்காந்துக்கிறேன். இல்ல, வேண்டாம். உக்காந்தா காலு மதமதன்னு ஆயிருது. நிக்கிறேன். நீ உக்காரு.

எனக்கா? எனக்கு என்ன நோவு இருக்கு? அறுபத்தொரு வயசாச்சு, இன்னிக்கு வரைக்கும் பிரசவத்தத் தவிர ஆஸ்பத்திரிப் படி ஏறினவ இல்ல. எங்க நாத்தனா பிடிவாதம் பிடிச்சா, அதுக்காக வந்தேன். நீயே சொல்லு, என்னப் பாத்தா சக்கரை இருக்கவ மாதிரியா தெரியுது? போன வருசம் போட்ட ஜாக்கெட்டு எல்லாம் இப்ப தொளதொளன்னு கெடக்கு. இந்த வயசுல எத்தன பேருக்கு ஒடம்பு இப்பிடி எறங்கும்?

நாத்தனா பேரு குருவம்மா. எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. என்னைவிட மூணு வயசு எளையவ. அவ புருசனும் இல்ல, எங்க வீட்டுக்காரரும் இல்ல. அவளுக்குப் பிள்ளை இல்ல. எனக்கு ஒரு மகன், அவன் ஓசூர்ல இருக்கான். நானும் அவளும் பன்னெண்டு வருசமா ஒரே வீட்டுல கெடக்கோம். நான் மூணு வீட்டுல சமையல் செய்யிறேன். அவ டெய்லர் கடைக்கு ஜாக்கெட்டுக்கு ஹூக்கு வச்சு, ஓரம் தச்சுக் குடுப்பா. குடுப்பான்னா, குடுத்துக்கிட்டிருந்தா. இப்ப ரெண்டு கண்ணுலயும் புரை. எடது கண்ணு சுத்தமாத் தெரியாது. வலது கண்ணுல ஆளு வந்தா நெழல் தெரியும், அம்புட்டுத்தான். யாருன்னு குரல வச்சுத்தான் சொல்லுவா.

அந்தக் கண்ணுக்குத்தான் ஆபரேசன். வேன் பள்ளிக்கூடத்து மைதானத்துல இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளை அவள அங்க உக்கார வச்சிருக்கு. இத விட்டா அடுத்த கேம்ப்பு ஆடி கழிச்சுத்தான். அதுக்குள்ள அந்த வலது கண்ணும் மூடிருச்சுன்னா என்ன பண்ணுறது?

ஏம்மா, கம்ப்யூட்டர்ல வந்துருச்சா? இல்லையாம்.

எனக்கும் அவளுக்கும் சண்டைன்னு ஒண்ணு வந்ததே இல்ல தாயி. போன ஐப்பசியிலதான் ஆரம்பிச்சுச்சு. எல்லாம் சோத்துல இருந்து வந்தது. கேளு. நான் மூணாவது வீட்டு வேலைய முடிச்சுட்டு வீட்டுக்கு வர மூணரை, நாலு ஆகும். அதுவரைக்கும் அவ தட்டத் தொட மாட்டா. காலையிலேயே வடிச்ச சோறு, கொழம்பு எல்லாம் மூடி வச்சிருப்பா. "மதினி வரட்டும்"னு உக்காந்திருப்பா. நான் வந்து கால் கழுவினதும் ரெண்டு தட்டப் போடுவா. ரெண்டு பேரும் பேசிப் பேசிச் சட்டி காலியாகுற வரைக்கும் சாப்பிடுவோம். அந்த வீட்டுல எங்களுக்கு இருந்த சந்தோசமே அந்த ஒரு மணி நேரந்தான்.

அவளுக்கு எட்டு வருசமாச் சக்கரை உண்டு. மாத்திரை போடுறா. ஐப்பசியில கண்ணுக்குக் காட்டப் போனப்ப அந்த டாக்டரம்மா, "சக்கரையக் குறைச்சுட்டு வந்தாத்தான் கண்ணுல கை வைப்போம்"னு சொல்லிருச்சு. சாப்பாட்ட நேரத்துக்குச் சாப்பிடணுமாம். நாலு மணிக்கு ஒரேயடியாச் சோத்தப் போட்டு அடைக்கக் கூடாதாம். தட்டுல பாதி காய் இருக்கணும், ஒரு கப்புதான் சோறு, பயறு சேத்துக்கணும், டீயில சீனி கூடாது. சாப்பிட்டதும் படுக்காம நடக்கணும். வயசான பொம்பளைகதான் மிச்சத்தத் தின்னே சக்கரைய வரவழைச்சுக்கிறாங்கன்னு வேற சொல்லுச்சாம்.

மறுநாள் நான் வீட்டுக்கு வந்து பாக்குறேன், தட்டக் கழுவிக் கவுத்து வச்சிருக்கா. பன்னெண்டரைக்கே சாப்பிட்டாச்சாம். பன்னெண்டு வருசம் எனக்காகக் காத்திருந்தவ, ஒரு டாக்டரம்மா சொன்னான்னு ஒரே நாள்ல விட்டுட்டாளேன்னு இருந்துச்சு. ஒத்தையா உக்காந்து சட்டியில இருந்த அம்புட்டுச் சோத்தையும் போட்டுச் சாப்பிட்டேன். ரெண்டு பேரு சோறு. மிச்சம் வச்சா அது யாருக்கு? அன்னிக்கு இருந்து அப்பிடித்தான். அவ பங்கையும் நானே திங்கிறேன்.

இத்தனைக்கும் நான் ஒரு நாளைக்கு ஒரு நேரந்தான் சாப்பிடுறவ. சத்தியமா. காலையில மொத வீட்டுல ஒரு காப்பி. அந்தம்மா ரெண்டு கரண்டி சீனி போட்டுத்தான் குடுக்கும், வேண்டாம்னு சொன்னா மூஞ்சி சுண்டிப் போகும். ரெண்டாவது வீட்டுல ஒரு டீ, கூட ரெண்டு பிஸ்கோத்து. அத சாப்பாடுன்னு சொல்ல முடியுமா? மூணாவது வீட்டுல ரெண்டு பிள்ளைக. தட்டுல பாதி வச்சுட்டு ஓடிருங்க. பூரியக் கிள்ளி வச்சிருக்கும், கேசரிய அளைஞ்சு வச்சிருக்கும். நெய் போட்டுச் செஞ்சத சாக்கடையில கொட்டச் சொல்றியா? எனக்கு மனசு வராது, வாயில போட்டுக்குவேன். அப்புறம் உப்புப் பாக்குறது, பாகு பதம் பாக்குறது, அது என் வேலை. வெள்ளிக்கெழமை விரதம். பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன். பூசை முடிஞ்சதும் கொஞ்சம் சக்கரைப் பொங்கல், ரெண்டு வாழப்பழம், அம்புட்டுத்தான். பொழுது சாஞ்சா நான் சாப்பிடுறதே கெடையாது. டீயில ஒரு பன்னத் தொட்டுத் தின்னுட்டுப் படுத்துருவேன்.

ஒரு நேரம் சாப்பிடுறவளுக்கு எங்க இருந்து வரும் சக்கரை? நீயே சொல்லு.

உனக்கு இருக்கா? இல்லையா? உங்க அம்மாவுக்குத்தான் பாக்க வந்தியா. உனக்கு இல்லைன்னா நல்லா இரு. இல்ல, சும்மாத்தான் கேட்டேன். அத விடு.

மாசி மாசம் மொத கேம்ப்பு வந்துச்சு. அவ ஐப்பசியில இருந்து நாலு மாசம் வாயக் கட்டிட்டு இருந்தா. கீரையும் சுண்டலும் கம்பங்கூழுமாத் தின்னா. நான் கேலி பண்ணுவேன், "ஏண்டி, எந்தத் தொழுவத்துல உன்னக் கட்டட்டும்"னு. சிரிச்சுக்கிட்டே திம்பா. கேம்ப்புல விரலக் குத்தி சக்கரை பாப்பாங்க. அதுல பாஸானாத்தான் ஆபரேசன். நான் முந்தின ராத்திரி பூராத் தூங்கல. எட்டு வருசச் சக்கரை நாலு மாசத்துல எறங்குமா? எறங்கலைன்னா இவ கண்ணு போயிருமே. எனக்கு அதுதான் பயம். வேற ஒரு நெனப்பும் இல்ல தாயி, சாமி பொதுவாச் சொல்றேன்.

வரிசையில நின்னோம். அங்க மூஞ்சியப் பாக்க யாருக்கு நேரம்? சீட்டு நீட்டு, விரல நீட்டு, அடுத்த ஆள வரச் சொல்லு. நான் அவ காதுல சொன்னேன், "குருவம்மா, நீ சும்மா இரு, உன் சீட்டுக்கு நான் ரத்தம் குடுத்துர்றேன். என் ரத்தம் சுத்தம்." அவ "வேண்டாம் மதினி, நான் வாயக் கட்டியிருக்கேன்ல, என்னோடதே நல்லா வரும்"னா. நான் கேக்கல. எங்க மொறை வந்துச்சு. அந்தப் பொண்ணு தலைய நிமுராம, "குருவம்மாவா?"ன்னுச்சு. அவ கைய நீட்டப் போனா. நான் அவ கைய அமுக்கிட்டு, "ஆமா"ன்னு என் விரல நீட்டிட்டேன்.

முன்னூத்திப் பன்னெண்டு.

அந்தப் பொண்ணு மிஷினப் பாத்துச்சு, அப்பத்தான் நிமுந்து என்னப் பாத்துச்சு. "என்னம்மா, மாத்திரை போடுறீங்களா இல்லையா? இத வச்சுக்கிட்டுக் கண்ணக் கிழிச்சா புண்ணு ஆறாது. போயிக் கொறைச்சுட்டு வாங்க"ன்னு சீட்டுல சிவப்பு மையில சுழிச்சு விட்டுருச்சு. குருவம்மா சீட்டுல.

அது மிஷின் கோளாறு. இல்லைன்னா என் விரல்ல வெல்லம் ஒட்டியிருந்திருக்கும். அன்னிக்குக் காலையில ரெண்டாவது வீட்டுல அதிரசத்துக்குப் பாகு வச்சுட்டுத்தான் வந்தேன். கை கழுவினேன், ஆனா நகக்கண்ணுல இருந்திருக்கும். இருக்கும்ல? தவிர, சீட்டு அவ பேருல இருந்துச்சு. அப்ப அது அவ சக்கரைன்னுதானே அர்த்தம்? நான் அப்பிடித்தான் எடுத்துக்கிட்டேன். ஏன் சிரிக்கிற? ஒனக்கு எல்லாம் லேசா இருக்கு.

ஆனா அவ ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல? "இது என் ரத்தம் இல்ல, எங்க மதினி ரத்தம்"னு சொல்லி விரல நீட்டிருந்தா, அப்பவே பாத்திருப்பாங்க. சொல்லல. அத்தன பேரு முன்னாடி எனக்கு ஏச்சு விழுமேன்னு நெனச்சாளோ என்னமோ. என் தோளப் பிடிச்சுக்கிட்டு வெளிய வந்தா. கண்ணு போச்சேன்னு அழுவா, என்னத் திட்டுவான்னு பாத்தேன். அவ கேட்டா, "மதினி, ராத்திரி நீ எத்தன தடவ எந்திரிக்கிற?" கேக்குற கேள்வியா அது? நாலஞ்சு தடவ எந்திரிப்பேன். தண்ணி நெறையக் குடிக்கிறேன், அடுப்படியில வேகுற ஒடம்பு, தாகம் எடுக்கத்தான் செய்யும். குடிச்சா போகத்தானே வேணும்?

அடுத்த வாரம் அவளே பக்கத்து வீட்டுப் பிள்ளையக் கூட்டிட்டுப் போயி கவர்மெண்டு ஆஸ்பத்திரியில பாத்துட்டு வந்துட்டா. நூத்தி நாப்பத்திரெண்டு. சாப்பிட்டுட்டு நூத்தி நாப்பத்திரெண்டு! பாஸ். என் விரல நீட்டாம இருந்திருந்தா மாசியிலேயே அவளுக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கும்.

தண்ணி வச்சிருக்கியா? ஒரு வாய் குடு.

ம். மணி என்ன? பத்தேகாலா!

அதுக்கப்புறம் அவ என்னப் பழி வாங்க ஆரம்பிச்சுட்டா. ஆமா, பழிதான். சட்டியில ரெண்டு பேரு சோறு வைக்கிறத நிப்பாட்டிட்டா. நாலு மணிக்கு வந்தா வெறுஞ்சட்டி. கேட்டா, "உன் சாப்பாட்ட நான் பன்னெண்டரைக்கே கொண்டு வர்றேன் மதினி"ங்குறா. எங்க கொண்டு வர்ற? நான் வேலை பாக்குற மூணாவது வீட்டு வாசலுக்கு! அந்தக் கண்ண வச்சுக்கிட்டு, பஸ் போற ரோட்டத் தாண்டி. போற வர்றவங்க யாருகிட்டயாச்சும் கையக் குடுத்து, தூக்குச் சட்டியோட வந்து கேட்டுக்கு வெளிய நிப்பா. தொறந்தா முருங்கைக்கீரை, தட்டப்பயறு, ஒரு கை சோறு. நான் திங்கிற வரைக்கும் நிப்பா. அந்த வீட்டம்மா மாடியில இருந்து பாக்குது. வேலைக்காரிக்கு வீட்டுல இருந்து சாப்பாடு வருது, இவ என்ன கலெக்டரான்னு நெனைக்காது? என் மானத்த வாங்கணும்னே செஞ்சா. ஒரு நா ரோட்டுல ஒரு பைக்குக்காரன் ஒரசிட்டுப் போயிட்டான், முழங்கை பூரா செராய்ப்பு. கீரை கொட்டிருச்சேன்னு அழுகுறா. முழங்கைக்கு அழுகல.

எனக்கு என்னடி கேடு, எனக்கு எதுக்கு இதெல்லாம்னு கத்தினேன். போன மாசம் தோசைக்கல்லு கால்மேல விழுந்துச்சு. கொதிக்கக் கொதிக்க இருந்த கல்லு. எனக்குத் தெரியவே இல்ல தாயி! சாயங்காலம் அவதான் தடவிப் பாத்துட்டு, "மதினி, இம்புட்டுப் பெரிய கொப்புளம்"னா. வலியே இல்ல. அம்புட்டுத் தெடமான ஒடம்பு எனக்கு. அதச் சொன்னா அவ என் காலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. இன்னும் ஆறல, பாரு, துணி சுத்தியிருக்கேன்.

நேத்து ரெண்டாவது கேம்ப்பு. அவ விரல அவளே நீட்டுனா. நூத்தி முப்பத்தெட்டு. பாஸ். இன்னிக்கு வேன். நான் பையில சேலை, துண்டு எல்லாம் எடுத்து வச்சா, இவ சொல்றா, "நான் ஏற மாட்டேன். நீ உன் பேருல ரத்தம் குடுத்து, அந்த நம்பரு என்னன்னு எனக்குச் சொல்லணும். சொன்னாத்தான் வேன்ல ஏறுவேன்." விளையாட்டுக்குச் சொல்றான்னு நெனச்சேன். இல்ல. பையப் பிரிச்சுச் சேலைய வெளிய எடுத்து வச்சுட்டா. கண்ணு போனாலும் பரவாயில்லையாம். இப்பிடி ஒரு பிடிவாதக்காரிய நீ பாத்திருக்கியா?

அவ இத மூணு நாளைக்கு முன்னாடியே வாய்க்குள்ள மொணங்கிட்டுத்தான் இருந்தா. அதுனால நானும் சும்மா இருக்கல. மூணு நாளாச் சீனியக் கையால தொடல. சோறு தொடல. மூணாவது வீட்டுல குலாப்ஜாமூன், கண்ண மூடிட்டுக் கழுவி ஊத்துனேன். அவ எனக்கு வச்சுக் குடுக்குற கீரையும் பயறும் மட்டுந்தான் தின்னேன். மூணு நாள் பத்தியத்துக்கு எந்த மிஷினும் மடங்கணும்ல? இங்க வந்து பாத்தா, அவ ஏற்கெனவே டாக்டரம்மாகிட்டச் சொல்லி, மூணு மாசத்துச் சக்கரையக் காட்டுற டெஸ்ட்டும் சேத்து எழுதி வாங்கி வச்சிருக்கா! நேத்துத் தின்னது, போன மாசம் தின்னது, மாசியில தின்னது, எல்லாம் ரத்தத்துல தெரியுமாம். அப்பிடி ஒண்ணு இருக்குன்னு முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்க வேண்டாமா?

ஆனா அதுலயும் ஒண்ணு இருக்கு. கிட்ட வா, சொல்றேன். அவளாலதான் வாசிக்க முடியாதே. படிச்சவதான், எட்டாப்பு வரைக்கும். கண்ணுதானே இல்ல. நான் சீட்ட அவ கையில குடுத்து நூத்திப் பத்துன்னு சொன்னா, அவளுக்கு நூத்திப் பத்துதான். சந்தோசமா வேன்ல ஏறிருவா. கண்ணு தெரிஞ்சு வந்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம். தப்பா? அவ நல்லதுக்குத்தானே? மாசியிலயும் அவ நல்லதுக்குத்தான் விரல நீட்டுனேன்.

ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிற?

ஏம்மா... என்னது? தனபாக்கியமா? நாந்தான், நாந்தான். வந்துருச்சா? குடு.

இரு. கண்ணாடியப் போட்டுக்கிறேன். வெறும் வயித்துல... இருநூத்தி நாப்பத்தாறு. மூணு நாள் தாயி. மூணு நாள் ஒரு பருக்கை சோறு தொடல. சாப்பிட்டுட்டு முன்னூத்தி எழுவது. இது என்ன, பதினொண்ணு புள்ளி ரெண்டு? மூணு மாசத்ததா? எவ்வளவு இருக்கணும்? ஆறுக்குள்ளயா.

இங்க வெல்லம் கில்லம் ஒண்ணும் ஒட்டல. ஊசி போட்டுல்ல எடுத்தாங்க.

கொஞ்சம் உக்காந்துக்கிறேன். கையக் குடு. பயமா இருக்கு தாயி. இவ்வளவு நேரமும் பயமாத்தான் இருந்துச்சு. மாசியில அந்தப் பொண்ணு நிமுந்து பாத்துச்சே, அப்ப இருந்தே எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துட்டேன். இவ கண்ணுல ரெண்டு மாசத்த நான் தின்னுட்டேன்.

செல்லு அடிக்குது. அவதான். அவ செல்லுல ஒண்ணாம் நம்பர அமுக்குனா எனக்கு வர்ற மாதிரி பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டுக் குடுத்திருக்கு. பத்தரைதானே ஆகுது, வேன் அதுக்குள்ள வந்துருச்சா?

ஹலோ. ஆமா குருவம்மா, நாந்தான். வேன் வந்துருச்சா? எல்லாரும் ஏறிட்டாங்களா? நீ ஏறலையா? ஏறு, ஏறிட்டுப் பேசு. சரி, சரி, கத்தாத. வந்துருச்சு, சீட்டு கையிலதான் இருக்கு. எவ்வளவுன்னா... நூத்தி... இரு. இரு குருவம்மா, வச்சுராத, அப்பிடியே இரு.

தாயி, இந்தா செல்லு. இந்தா சீட்டு. நீ பேசு. நான் வாயத் தொறந்தா நூத்திப் பத்துன்னு வந்துருது, பாத்தேல்ல. யாருன்னு கேட்டா, லேப்புல பக்கத்துல உக்காந்திருக்க பொண்ணுன்னு சொல்லு. பேரு தனபாக்கியம்னு மேல போட்டிருக்கும், அதுல இருந்து ஆரம்பி. மூணு நம்பரையும் இருக்குறபடியே வாசி. அழுதா அழட்டும், வேன்ல ஏறச் சொல்லிரு. சத்தமா வாசி, மைதானத்துல கூட்டமா இருக்கும், அவளுக்குக் கேக்கணும்.